சாரணர் பக்கம்: எந்தச் சொல் சரி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ‘படை’, ‘அணி’ என்ற இரண்டு சொற்களையும் நான் இடம் மாற்றி எழுதிவிட்டேன். அதைக் கண்டுபிடித்துப் பலர் எழுதினார்கள், கூடவே இதையும் சொல்லுங்கள் அதையும் சொல்லுங்கள் என்று வேறு சொற்களைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். எல்லாமே நல்ல கேள்விகள். அதனால் இந்த முறை முகாம், முடிச்சு எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு முழுப் பக்கமும் சொற்களுக்கே.

சென்ற இதழில் ஓரிடத்தில் ‘எட்டுப் பேர் கொண்ட படை’ என்றும் இன்னோரிடத்தில் ‘முப்பது பேர் அணி’ என்றும் எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் படித்துவிட்டு என்னிடம் கேட்கிறார்கள். எதைச் சொல்லிக்கொடுப்பது? – ஒரு சாரண ஆசிரியர்

நான் எழுதியதுதான் தவறு. பிள்ளைகளிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்தது அணி. அதற்கு ஓர் அணித்தலைவர் உண்டு, அவரும் அவர்களில் ஒருவர்தான், அவர்கள் வயதுதான். இப்படிச் சில அணிகள் சேர்ந்தது படை. அந்தப் படைக்குத்தான் நீங்கள் சாரண ஆசிரியர். இலங்கையில் படை என்பதற்குப் பதிலாகத் துருப்பு என்பார்கள், அணி அங்கேயும் அணிதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சாரணர் இயக்கத்தில் வேறு எந்தச் சொல் குழம்பினாலும் சமாளித்துவிடலாம், அணி என்ற சொல் குழம்பினால் இயக்கமே குழம்பிவிடும். 1907 ஆகஸ்டில், இந்த இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவுக்குச் சுமார் 20 சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு போனபோது முதலில் செய்த வேலையே அவர்களை ஓநாய், காளை, காகம், கடற்கரைப் பறவை ஒன்று என நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனைத் தலைவனாக வைத்ததுதான். அந்த முகாம் வெற்றி பெற்றதற்குக் காரணம் அதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். எட்டுப் பேருக்குள் ஒருவன் சோர்ந்து உட்கார்ந்தால் மற்ற ஏழு பேருக்கும் தெரியும். முப்பது பேர் கூட்டத்தில் அது யாருக்கும் தெரியாது.

நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது? ‘ஏ குரூப், பி குரூப், லைன்ல நில்லு’ என்று முடித்துவிடுகிறோம். குரூப் என்பதற்கும் தமிழில் குழு என்பதற்கும் இயக்கத்தில் வேறு பொருள் இருக்கிறது: குருளையர் என்ற சிறு பிள்ளைகள், சாரணர், திரிசாரணர் என்ற மூத்தவர்கள், எல்லாப் பிரிவுகளையும் உள்ளடக்கிய மொத்த அமைப்புக்குத்தான் குழு என்று பெயர். ஆகவே எட்டுப் பேரைக் குழு என்று கூப்பிட்டால் இரண்டு சொல்லும் கெட்டுப்போகும். இன்னொன்று, அணிக்குப் பெயர் இருக்கும்போது பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள். நம் நாட்டில் சாரணர் அணிகளுக்கு விலங்கு அல்லது பறவையின் பெயர், சாரணியர் அணிகளுக்குப் பூவின் பெயர். ‘மூணாவது லைன்’ என்றால் திரும்பிப் பார்க்காத பையன், ‘புலி அணி’ என்றால் விறைத்து நிற்பான். நான் பார்த்திருக்கிறேன்.

‘படை’ என்று சொன்னதும் என் மாமனார், பேரனை ராணுவத்துக்குத் தயார் செய்கிறார்களா என்று கேட்கிறார். என்.சி.சி.யும் இதுவும் ஒன்றா? – ஒரு தந்தை

ஒன்று இல்லை. தேசிய மாணவர் படை 1948-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் வந்தது, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது, அதில் சேர்ந்தவர் கேடட். பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950 நவம்பர் 7-ல் பல சாரணர் சங்கங்கள் ஒன்றாக இணைந்து உருவானது. அது கல்வி இயக்கம், ராணுவத்தோடு தொடர்பு கிடையாது. தமிழில் இரண்டுக்கும் ‘படை’ என்ற சொல் விழுந்துவிட்டதால் உங்கள் மாமனாருக்கு வந்த சந்தேகம் நியாயமானதுதான்.

பேடன் பவல் ராணுவ அதிகாரி என்பதும் உண்மை. படைவீரர்களுக்காக உளவுக் கலை பற்றி அவர் எழுதிய கையேடு 1899-ல் வெளியானது. அதைச் சிறுவர்கள் வாங்கி வைத்துக்கொண்டு விளையாடுவதைப் பார்த்துவிட்டுத்தான் அவர்களுக்கென்று போர் இல்லாத ஒரு புத்தகத்தை 1908-ல் எழுதினார். அதனால் பேசும்போது ஒரு சின்னக் கவனம் வைத்துக்கொள்ளலாம். சாரணர் ‘பணிபுரிவதில்லை’, ‘ரேங்க்’ வாங்குவதில்லை, அணித்தலைவர் ‘கமாண்டர்’ ஆவதில்லை. படை என்ற சொல்லை மட்டும் இனிமேல் மாற்ற முடியாது, பழகிவிட்டது, இருக்கட்டும். சுற்றியிருக்கும் சொற்களைச் சரியாக வைத்துக்கொண்டால் போதும்.

முதுகலைத் தமிழ் படிக்கிறேன். சிலப்பதிகாரத்தில் சாரணர் என்றால் சமண முனிவர். அந்தச் சொல்லைக் கொண்டுபோய் அரைக்கால் சட்டை போட்ட பையன்களுக்கு வைத்தது பொருத்தமா? – ஒரு மாணவி

பொருத்தமோ பொருத்தம். நாடுகாண் காதையில் கவுந்தியடிகளோடு நடந்து வரும் கோவலனும் கண்ணகியும் காவிரிக்கரையில் சாரணரைக் காண்கிறார்கள். அருகனைப் புகழ்ந்து பேசிவிட்டு, தரையிலிருந்து ஒரு முழம் மேலெழுந்து வான்வழியே போய்விடுகிறார்கள் அவர்கள். ஓரிடத்தில் தங்காமல் சஞ்சரிப்பவர் என்பதுதான் அங்கே பொருள், ‘சர்’ என்ற வடமொழி வேர் அது. அதே வேரிலிருந்து வந்த இன்னொரு பொருளும் அகராதியில் இருக்கிறது: ஒற்றர். நாடெங்கும் திரிந்து பார்த்து, கேட்டு, வந்து சொல்பவர்.

இப்போது ஸ்கவுட் என்ற சொல்லைப் பாருங்கள். அது பழைய பிரெஞ்சில் ‘காது கொடுத்துக் கேள்’ என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. படைக்கு முன்னால் தனியாகப் போய் நிலவரம் பார்த்து வருபவர் என்று பிறகு பொருள் வளர்ந்தது. ஒற்றரும் நாடோடி முனிவரும் ஒரே சொல்லுக்குள் இருக்கும் ‘சாரணர்’ அதற்கு எவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது! இந்தச் சொல்லை முதலில் எடுத்துப் போட்டவர் தமிழ் நன்றாகத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். இதைத் தாண்டி ‘வேவுச் சிறுவர்’ போன்ற மாற்றெல்லாம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் ‘சாரணன்’ என்று எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இலக்கணப்படி தவறில்லை, சில பழைய பாடல்களில்கூட இருக்கலாம். ஆனால் எழுத்திலும் பேச்சிலும் ‘சாரணர்’ என்றே வையுங்கள். பதினோரு வயதுப் பையனுக்கு மரியாதை விகுதியோடு ஒரு பெயர் கிடைப்பது வேறெங்கும் நடப்பதில்லை. வீட்டில் ‘டேய்’, வகுப்பில் ‘ஏய்’. இங்கே மட்டும் ‘சாரணர் முன்னே வரவும்’. அந்த ஓர் எழுத்துக்காகவே நிமிர்ந்து நடக்கிற பிள்ளைகள் உண்டு.

நான் சாரணியா, சாரணியரா, பெண் சாரணியரா? சான்றிதழில் ஒன்று, பேனரில் ஒன்று, நாளிதழில் ஒன்று போடுகிறார்கள். – எட்டாம் வகுப்பு மாணவி

நீங்கள் சாரணியர். ஒருவரைச் சொன்னாலும் மரியாதையாக அப்படியே சொல்லலாம், பலரைச் சொன்னாலும் அதேதான். ‘பெண் சாரணியர்’ என்பது ‘நடு சென்டர்’ மாதிரி, சொன்னதையே திரும்பச் சொல்வது. ஆண் சாரணர், பெண் சாரணியர் என்று பேனர் எழுதுகிறவர்களிடம் ‘சாரணர், சாரணியர்’ என்றாலே போதும் என்று நீங்களே போய்ச் சொல்லலாம்.

ஆனால் உங்கள் பெயருக்குப் பின்னால் ஒரு கதை தமிழில் விட்டுப்போயிருக்கிறது, அது உங்களுக்குத் தெரிய வேண்டும். 1909-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர்கள் திரண்டபோது, யாரும் அழைக்காமலேயே சில பெண்பிள்ளைகள் தாங்களாகத் தொப்பியும் கம்புமாக வந்து, நாங்களும் சாரணர்கள்தான் என்று நின்றார்கள். 1910-ல் அவர்களுக்கென்று தனி அமைப்பு உருவானது, பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதற்குப் பொறுப்பேற்றார். ஆங்கிலத்தில் சாரணியருக்கு இருக்கும் கைட் என்ற பெயர், அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லையில் இருந்த ‘கோர் ஆஃப் கைட்ஸ்’ என்ற புகழ்பெற்ற படைப்பிரிவிலிருந்து எடுத்தது. அதாவது அது ‘ஸ்கவுட்’டின் பெண்பால் கிடையாது, தனிப் பெயர், வழி தெரிந்தவர் என்று பொருள். தமிழில் சாரணர் என்பதோடு ஒரு பெண்பால் விகுதி சேர்த்ததில் அந்த வழிகாட்டி மறைந்துபோனார்.

இன்னும் ஒன்று. பல நாடுகளில் இப்போது பெண்களும் நேரடியாக ஸ்கவுட்டாகவே சேர்கிறார்கள். அமெரிக்காவில் ‘பாய் ஸ்கவுட்ஸ்’ என்ற பெயரையே மாற்றி 2025 பிப்ரவரி 8 முதல் ‘ஸ்கவுட்டிங் அமெரிக்கா’ என்று வைத்துவிட்டார்கள். அந்த நாட்டுப் பெண்ணைப் பற்றி எழுதும்போது ‘சாரணியர்’ என்று போட்டால் தவறாகிவிடும், அவர் சாரணர். அங்கே கேர்ள் ஸ்கவுட்ஸ் என்று 1912-லிருந்து வேறொரு அமைப்பும் இருக்கிறது. செய்தி எழுதுபவர்கள் எந்த அமைப்பு என்று பார்த்துவிட்டு எழுதவும்.

மகன் மூன்றாம் வகுப்பு. ‘குருளையர்’ என்று சொன்னால் உறவினர்கள், அதென்ன குரு, குருவி என்கிறார்கள். சாரணர் என்றே சொல்லிவிடலாமா? – ஒரு தாய்

சொல்லாதீர்கள், குருளையர் அருமையான சொல். தொல்காப்பியத்தின் மரபியலில் இளமைப் பெயர்கள் என்று ஒன்பது சொற்கள் வருகின்றன: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எந்த விலங்கின் குட்டிக்கு எதைச் சொல்வது என்றும் சொல்லியிருக்கிறது. நாய், பன்றி, புலி, முயல் இந்த நான்கின் குட்டிகளுக்குக் குருளை, நரிக்கும் அப்படியே. உங்கள் மகன் சேர்ந்திருக்கும் பிரிவு 1916-ல் ‘ஓநாய்க் குட்டிகள்’ என்ற பெயரில் தொடங்கியது, கிப்ளிங்கின் காட்டுக் கதைகளில் வரும் ஓநாய்க் கூட்டத்தை மனதில் வைத்து. அகேலா என்று தலைவரைக் கூப்பிடுவதும் அங்கிருந்து வந்ததே. நாயும் நரியும் இருக்கிற பட்டியலில் ஓநாய்க்கு இடம் கொடுக்க யாரும் மறுக்க மாட்டார்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கமுள்ள ஒரு சொல் இன்று உயிரோடு புழங்குவது உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளின் வாயில்தான்.

உறவினர்களிடம் ‘குட்டிச் சாரணர்’ என்று ஒருமுறை விளக்கிவிட்டு, அடுத்த நொடியே குருளையர் என்று திரும்பிவிடுங்கள். சாரணர் என்று முன்கூட்டியே சொன்னால், பத்து வயது முடிந்து அவன் உண்மையிலேயே சாரணராகும் நாளில் அவனுக்குப் புதிதாக எதுவும் இருக்காது.

பெண்பிள்ளைகளின் பிரிவுக்கு புல்புல் என்றும் நீலப்பறவையர் என்றும் இரண்டு பெயர் இருப்பதையும் கேட்டிருந்தீர்கள். புல்புல் என்றால் நம் கொண்டைக்குருவி, சின்னான் என்றும் சொல்வோம். அது பழுப்பு நிறம், நீலம் இல்லை. பெயர் பொருந்தவில்லைதான். ஆனாலும் தமிழில் நீலப்பறவையர் என்றே நிலைத்துவிட்டது, பிள்ளைகளுக்கும் அது பிடித்திருக்கிறது.

சிக்ஸர் என்பதற்குத் தமிழ் என்ன?

குருளையர்கள் ஆறு ஆறு பேராகப் பிரிந்து நிற்பார்கள். அந்த ஆறு பேருக்குத் தலைவர் சிக்ஸர். அறுவர் தலைவர் என்று எழுதலாம். பேச்சில் சிக்ஸர் என்றே இருக்கட்டும், கிரிக்கெட் நினைவுக்கு வந்தால் பிள்ளைகளுக்கு இன்னும் சந்தோஷம்தான்.

சின்னம் சூட்டும் விழாவில் பிள்ளைகள் செய்வது சத்தியமா, உறுதிமொழியா, பிரமாணமா? எங்கள் பள்ளி அழைப்பிதழில் ‘பதவிப் பிரமாணம்’ என்று அச்சிட்டுவிட்டார்கள். – ஒரு சாரணிய ஆசிரியர்

உறுதிமொழி. பதவிப் பிரமாணம் அமைச்சர்களுக்கு. சாரணராவது பதவி இல்லையே!

1908 புத்தகத்தில் பேடன் பவலே முதலில் சத்தியம் என்று பொருள்படும் ‘ஓத்’ என்ற சொல்லைத்தான் போட்டிருந்தார். அமெரிக்காவில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். மற்றப் பெரும்பாலான நாடுகளில் அது ‘ப்ராமிஸ்’ ஆகிவிட்டது, நம் உறுதிமொழி அதன் வழியில் வந்தது. சத்தியம் என்றால் மீறினால் என்னவாகும் என்ற பயம் கூடவே வருகிறது. உறுதிமொழியில், நான் என் வாயால் கொடுத்த சொல் என்பது மட்டும்தான் இருக்கிறது. நம் உறுதிமொழியில் கடவுள் என்று வரும் இடத்தில், விரும்பினால் தர்மம் என்று சொல்லிக்கொள்ளவும் இடம் வைத்திருக்கிறார்கள். யாருடைய வாயிலும் அவர் நம்பாத சொல்லைத் திணிக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு சின்னம் சூட்டும் விழாவுக்கு முதல் நாள் மாலை, ஒத்திகை முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். ஒரு பையன் மட்டும் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கயிற்றின் நுனியைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தான். என்னப்பா என்றேன். “சார், நாளைக்குச் சொன்னபிறகு என்னால முடியலைன்னா அது பொய் ஆயிடுமா?” என்றான். வீட்டில் தம்பியோடு தினமும் சண்டை, எப்படி எல்லாருக்கும் உதவுவேன் என்று சொல்வது என்பது அவன் கவலை. நான் உறுதிமொழியை மறுபடி சொல்லச் சொன்னேன். ‘என்னால் இயன்றவரை’ என்ற இடம் வந்ததும் நிறுத்து என்றேன். அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். “அப்ப சரி சார்” என்று சொல்லிவிட்டுக் கயிற்றை ஒழுங்காகக் கட்டிவிட்டுப் போனான். அதனால்தான் ஒத்திகையில் வேகமாகச் சொல்லி அந்தச் சொல்லை விழுங்கும் பிள்ளைகளை நான் நிறுத்தி மறுபடி சொல்ல வைக்கிறேன். முழு உறுதிமொழியிலும் ஒரு குழந்தை தாங்கிக்கொள்ளும்படி செய்வது அந்த இரண்டு வார்த்தைதான்.

சாரணர் சட்டத்தை எங்கள் சுவரில் எழுதும்போது ஓவியர் ‘நம்பத்தகுந்தவராக இருக்க வேண்டும்’, ‘மரியாதையுடன் நடக்க வேண்டும்’ என்று எழுதிவிட்டார். பொருள் ஒன்றுதானே, அழித்து எழுத வேண்டுமா? – ஒரு தலைமை ஆசிரியர்

முடிந்தால் அழித்து எழுதுங்கள் ஐயா. பொருள் ஒன்றில்லை.

சட்டத்தின் ஒவ்வொரு வரியும் ‘சாரணர் நம்பத்தகுந்தவர்’ என்ற வகையில்தான் இருக்கிறது. ‘இருக்க வேண்டும்’ கிடையாது, ‘கூடாது’ கிடையாது. தமிழில் இதற்கு அழகான வசதி உண்டு: ‘அவர் ஆசிரியர்’ என்பதுபோல வினைச்சொல்லே இல்லாமல் பெயரோடு பெயர் நின்று வாக்கியம் முடிந்துவிடும். கட்டளை இட ஆள் இல்லை, இவர் இப்படிப்பட்டவர் என்று அறிமுகம் செய்வதுபோல இருக்கிறது. ‘வேண்டும்’ என்று போட்ட உடனே யாரோ மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வு வந்துவிடுகிறது, பிள்ளை சுவரைப் பார்த்துக் கடைப்பிடிக்க வேண்டிய பட்டியலாகிவிடுகிறது. பள்ளிச் சுவரில் அந்த மாதிரிப் பட்டியல் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

எத்தனை விதி என்பது நாட்டுக்கு நாடு மாறும். 1908-ல் ஒன்பது, 1911-ல் பத்தாவதாக ஒன்றைப் பேடன் பவல் சேர்த்தார், மனம் சொல் செயல் மூன்றிலும் தூய்மை என்பது. நம் நாட்டில் ஒன்பதாகச் சுருக்கி அந்தத் தூய்மையை ஒன்பதாவதாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பன்னிரண்டு, இங்கிலாந்தில் இப்போது ஏழு. எண் எதுவாக இருந்தாலும் வாக்கியம் மட்டும் பெரும்பாலும் ‘சாரணர் இப்படிப்பட்டவர்’ என்றே போகிறது.

‘ஸ்கவுட் டிரஸ்’ என்று சொன்னால் எங்கள் ஆசிரியர் கோபப்படுகிறார். – ஏழாம் வகுப்பு மாணவர்

கோபப்பட வேண்டாம் என்று அவரிடம் நான் சொல்கிறேன், சீருடை என்று நீங்கள் சொல்லுங்கள். டிரஸ் கடையில் கிடைக்கும், மாறுவேடப் போட்டிக்குக்கூடப் போடலாம். சீருடை, உறுதிமொழி எடுத்த பிறகு உங்களுடையது. கழுத்தில் இருப்பது ஸ்கார்ஃப், அதைப் பிடித்திருப்பது வாகிள். ‘கர்ச்சீப், ரிங்’ என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

‘ராஜ்ய புரஸ்கார் பரீட்சை பாஸ்’ என்று மகளின் பள்ளியில் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். அது பரீட்சையா, விருதா? – ஒரு தாய்

விருது. ஆளுநர் விருது என்று தமிழில் சொல்கிறோம், அதற்கு மேலே குடியரசுத் தலைவர் விருது. அதற்கு முன்னால் பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான் என்று வரிசையாக இருக்கின்றன. சோபான் என்றால் படி, மாடிப்படி என்கிறோமே அந்தப் படி. முதற்படி, இரண்டாம் படி, மூன்றாம் படி என்று தமிழில் சொல்லிவிட்டாலே பிள்ளைக்குப் புரிந்துவிடும். பலருக்கு ஐந்து வருடம் சாரணராக இருந்தும் சோபான் என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாது. அது அவர்கள் குற்றமில்லை, நாம் சொல்லவில்லை.

பரீட்சை என்ற சொல்லை நான் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பரீட்சையில் எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே நாள், முதல் மதிப்பெண், கடைசி மதிப்பெண். இங்கே அவரவர் வேகத்தில் படி ஏறுவது. முடிச்சு இன்று வரவில்லையென்றால் அடுத்த வாரம் வரும், யாரும் ஃபெயில் ஆவதில்லை. சோதனை முகாம் என்ற சரியான பெயர் இருக்கும்போது பரீட்சை எதற்கு? பரீட்சை என்று சொல்லிச் சொல்லியே சாரணர் பாடத்தை மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். முதலுதவியைக் கட்டுத்துணியே தொடாமல் நோட்டில் எழுதிப் படிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. மகளிடம் ‘எத்தனை மார்க்’ என்று கேட்காமல் ‘என்னவெல்லாம் செய்யத் தெரிந்தது’ என்று கேளுங்கள்.

கோர்ட் ஆஃப் ஹானர் என்பதை ‘கௌரவ நீதிமன்றம்’ என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்தேன். சரியா? – ஒரு திரிசாரணர்

சரியில்லை, அது நீதிமன்றம் கிடையாது. நம் நடைமுறையில் அது அணித்தலைவர்கள் உட்கார்ந்து படையின் விஷயங்களை முடிவுசெய்யும் இடம். அடுத்த மலையேற்றம் எங்கே, பணம் எவ்வளவு இருக்கிறது, யாரைச் சின்னம் சூட்டத் தயார் என்று சொல்லலாம், இதெல்லாம். சாரண ஆசிரியர் ஆலோசனை சொல்ல அங்கே இருப்பார், முடிவு பிள்ளைகளுடையது. ‘அணித்தலைவர்கள் அவை’ என்றால் கேட்கிறவருக்கு உடனே விளங்கும், நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

ஆனால் அமெரிக்கப் படங்கள், வீடியோக்கள் பார்க்கும்போது கவனம். அங்கே அதே பெயரில் நடப்பது, பெற்றோரை அழைத்துப் பேட்ஜ்களும் விருதுகளும் வழங்குகிற விழா. ஒரே சொல், இரண்டு நாட்டில் இரண்டு பொருள். அவை என்று போட்டால் நம்முடையது, விருது விழா என்று போட்டால் அவர்களுடையது.

எந்த விழா வந்தாலும் நாற்காலி அடுக்க, தண்ணீர் கொடுக்க எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். கேட்டால் ‘இது சேவை’ என்கிறார்கள். இது சேவையா? – ஓர் அணித்தலைவர்

உங்கள் கேள்வியை நான்கைந்து முறை படித்தேன். நாற்காலி அடுக்குவதில் எந்தக் கேவலமும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்களைக் கேட்காமல், வகுப்பிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போய்ச் செய்யச் சொன்னால் அதற்குப் பெயர் வேலை. வேலையை வேலை என்றே சொல்லலாம். சேவை என்பது நம் இயக்கத்தில் எடையுள்ள சொல். குருளையருக்கு ‘முயற்சி செய்’, சாரணருக்கு ‘தயாராக இரு’, திரிசாரணருக்கு ‘சேவை’ என்று குறிக்கோள் வைத்திருக்கிறார்கள். முயன்று, தயாராகி, அதற்கப்புறம்தான் சேவைக்கு வந்து சேர முடியும் என்ற வரிசை அது. அதைச் சாமியானா பந்தலுக்கு அடியில் மலிவாக்கக்கூடாது.

சேவையில் மூன்று விஷயம் இருக்கும்: தேவையை நீங்களே கண்டீர்கள், செய்யலாம் என்று நீங்களே முடிவெடுத்தீர்கள், பதிலுக்கு எதுவும் வாங்கவில்லை. தினமும் தனியாகச் செய்வதற்கு நற்செயல் என்று பெயர், அணியாகத் திட்டமிட்டுச் செய்வது சேவை. அடுத்த விழாவுக்கு முன்னால் உங்கள் அணித்தலைவர்கள் அவையில் இதை எடுங்கள். எந்த அணி, எந்த நேரம், எந்தப் பொறுப்பு என்று நீங்களே எழுதிக்கொண்டுபோய் ஆசிரியரிடம் கொடுங்கள். வாசலில் வரும் வயதானவர்களை உட்கார வைப்பது, முதலுதவி மேசை போடுவது, இப்படி நீங்கள் கற்றதைப் பயன்படுத்தும் பொறுப்பாகக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். மறுத்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

ஜம்போரி, ஜாம்பூரி, பெருந்திரளணி, எதை எழுதுவது?

பெருந்திரளணி. மாவட்ட, மாநில அளவில் கூடுவது திரளணி, அதைவிடப் பெரிதாக நடப்பது பெருந்திரளணி, எவ்வளவு தெளிவு! 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் வைரவிழாப் பெருந்திரளணி நடந்தபோது நாளிதழ்கள் எல்லாம் இந்தச் சொல்லை எழுதின, பேருந்து நிறுத்தத்தில்கூடப் பேசினார்கள். உலக அளவில் முதலாவது 1920-ல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்தது, 34 நாடுகளிலிருந்து சுமார் 8,000 பேர் வந்தார்கள். இலங்கைத் தமிழர்கள் ஜம்போரி என்று எழுதுவதும் அவர்கள் வழக்கம், திருத்த வேண்டியதில்லை.

வயது 61. பள்ளியில் ஆறு வருடம் இருந்தேன். ‘முன்னாள் சாரணர்’ என்று போட்டுக்கொள்ளலாமா? – ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்

முன்னாள் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பதவிக்குத்தான் முன்னாள். சின்னம் சூட்டிய அன்று நீங்கள் கொடுத்த உறுதிமொழியில் கடைசித் தேதி ஏதும் இல்லை. அமெரிக்காவில் ஈகிள் ஸ்கவுட் என்ற மிக உயர்ந்த படியை எட்டியவர்கள் எண்பது வயதிலும் ‘நான் ஈகிள் ஸ்கவுட்’ என்றுதான் சொல்கிறார்கள், ‘இருந்தேன்’ என்று சொல்வதில்லை, சொன்னால் பக்கத்தில் இருப்பவர் திருத்துகிறார். படிவத்தில் வருடம் கேட்டால் வருடத்தைப் போடுங்கள், பெயருக்கு முன்னால் சாரணர் என்று போடுங்கள்.

கடிதத்தின் அடியில், கயிறு கொடுத்தால் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு எட்டு முடிச்சுப் போடுவேன் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துச் சந்தோஷமாக இருந்தது. உங்கள் ஊரிலேயே ஒரு பள்ளியில் படை நடக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று அந்தச் சாரண ஆசிரியரும் இதே வாரம் எழுதியிருக்கிறார். உங்கள் சம்மதம் கிடைத்தால் அவருடைய முகவரியை அனுப்பி வைக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு அவர்கள் கூடுகிறார்கள்.